அரைப்பேர்

மஸ்கெலியாவுக்கு மேலே, நெட்டமரத்துத் தோட்டத்தில்
கொழுந்து வாட்டும் மாடியில் இப்போது கொழுந்து இல்லை.
பதினொரு தகரப் பெட்டிகள்.
பூட்டுகளை எனக்கு முன்பே துரு திறந்திருந்தது.

நான் கூத்தைத் தேடி வரவில்லை.
ஏழு பேர்ச் காணிக்கு ஒரு தாள் வேண்டும்:
நாலாம் லயத்துப் புஷ்பகாந்தியின் ஆட்கள்
இங்கேதான் இருந்தார்கள் என்று
எவனாவது எப்போதாவது எழுதிவைத்த ஒரு வரி.
கம்பனி வக்கீல் ஆதாரம் கேட்கிறார்.
மழை எதுவும் கேட்பதில்லை,
கூரை வழியாக நேரே உள்ளே வருகிறது.

பிறப்புப் பதிவைக் கரையான் வாசித்து முடித்துவிட்டது.
கல்யாணத்தை யாரும் எழுதவில்லை.
சாவுக்கு ஒரு புத்தகம் உண்டு,
அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்.

ஆறாவது பெட்டி. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்து மூன்று, மாசி.
செக்ரோலின் ஓரத்தில் சிவப்பு மை:

"காமன் பொட்டலில் இரவுச் சத்தம். மூன்றாம் முறை.
சடையன், வீரமலை, தொப்ளான்,
பெண் உடையில் இருளாண்டி, நாலாம் லயம், ஆறாம் காம்பரா.
காலைப் பெரட்டுக்குப் பிந்தினார்கள்.
ஆளுக்கு ஐம்பது சதம் அபராதம். அரைப்பேர்."

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்:
தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பொழுது முழுக்க நின்றால் முழுப்பேர்,
பிந்தினால் பாதி.
இருளாண்டிக்கு அன்று இருள் மட்டும் கிடைத்தது,
ஆண்டியைத் துரை பிடித்து வைத்துக்கொண்டார்.

அதே பெட்டியின் அடியில்
ஹார்வுட் துரையின் சொந்தக் குறிப்பேடு, அதே வாரம்.
என் இங்கிலீசு அவருக்குப் போதும்:

"சன்னலில் நின்று பார்த்தேன். காலில் மணி.
சேலை கட்டிய ஆண். கோலை வீசிக்
கூட்டத்தை விலக்குகிறான் ஒருவன்.
ரிப்பன் ஒன்றுதான் குறைச்சல்,
மற்றபடி எங்கள் ஊர் மோரிஸ் ஆட்டம்.
எங்கள் தேவாலயக் கணக்கில் இருக்கிறது,
ஆட்டக்காரருக்கு மணி வாங்க எட்டுப் பென்னி.
இரண்டு வருஷம் கழித்து, புதுப் பாதிரி:
ஞாயிறன்று ஆடிய தாமஸ் ஹார்வுட்டுக்கு
அபராதம் நாலு பென்னி.
எங்கள் குடும்பத்தில் யாரோ எழுதிவைத்த முதல் பெயர் அது."

அதற்கடுத்த வரி மழை அளவு. இரண்டே கால் அங்குலம்.

இரண்டு தரம் வாசித்தேன்.
தெரிந்தே சிவப்பு மையைத் தொட்டாரா,
வேண்டுமென்றே பெயர்களை எழுதிவைத்தாரா?
தெரியாது. அவருக்கு நல்ல மனசு கற்பிக்க
எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

தப்பு எந்த நெருப்பில் காய்ந்தது,
மதன் எரிந்தபின் ரதி எத்தனை நாழி அழுதாள்,
எமனுக்கு யார் கரி பூசினார்கள்,
எழுதிய கைக்கு இதெல்லாம் சத்தம்.
இந்த மாசியிலும் ஆடுகிறார்கள்.
பொலிஸில் ஒரு தாள் இருக்கும்:
ஒலிபெருக்கி, இரவு பத்து மணி வரை.
ஆடியது பத்து மணிக்குப் பிறகு என்றால்
இன்னொரு தாளும் இருக்கும்.

புஷ்பகாந்தி கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.
இருளாண்டி அவளுடைய அப்பாவுக்குத் தாத்தா.
பள்ளிக்கூடத்தில் அவளை
ரதி வீட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்களாம்.
அழகுக்குச் சொன்னதாக
இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.
ஒரு நிமிஷம் கோபித்தாள், பிறகு சிரித்தாள்.

"அம்பது சதத்தக் கட்டுனாங்களா?"

வசூல் என்ற கட்டத்தைத் தடவிப் பார்த்தேன்.
வெறுமை.

"அப்ப பாக்கி நிக்குது.
பாக்கிக்காரன இங்க இருந்ததே இல்லன்னு
எப்புடிச் சொல்லுவாங்க, கேளுங்க."

மஸ்கெலியா டவுனில் போட்டோ பிரதி எடுத்தேன், மூன்று.
சிவப்பு, கறுப்பாக விழுந்திருக்கிறது.
ஆறாம் காம்பரா தெளிவு.